வாடகை அறையில் பிறந்த பிசிபி: பால் ஐஸ்லர் யார்?

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகிற வழியில், செய்யாற்றங்கரையில் இருக்கிறது மாகறல். சம்பந்தர் பதிகம் பெற்ற திருமாகறலீஸ்வரர் கோயில் இருக்கும் ஊர். இந்த வட்டாரத்தில் பிழைப்புக்கு இன்று இரண்டு பெரிய வழிகள். ஒன்று, தலைமுறை தலைமுறையாக வரும் பட்டுத் தறி. இன்னொன்று, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் ஆட்களை ஏற்றிப் போகிற கம்பெனி பஸ். அங்கே போன் செய்கிறார்கள், கார் செய்கிறார்கள்.

பார்க்க இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் தறியில் ஜக்கார்டு பெட்டி ஓடுவதை ஒருமுறை பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் புரியும். சேலை பார்டரில் அன்னம் வரணும் என்றால், அதை முதலில் கட்டம் போட்ட தாளில் வரைகிறார்கள். பிறகு அது துளை போட்ட அட்டையாகிறது. அட்டை மேலே ஏறிவிட்டால், எந்த இழை தூக்கணும், எந்த இழை கீழேயே இருக்கணும் என்பதை அட்டையே பார்த்துக்கொள்ளும். வரைவது ஒருமுறை, நெய்வது எத்தனை முறை வேண்டுமானாலும்.

எலெக்ட்ரானிக்ஸில் இதே காரியத்தைச் செய்துகாட்டியவர் பால் ஐஸ்லர். உங்கள் போனைக் கழற்றினால் உள்ளே தெரியுமே, மெல்லிய கோடுகள் ஓடும் பலகை, அதுதான் பிசிபி. தமிழில் அச்சிட்ட மின்சுற்றுப் பலகை என்பார்கள். போன், டிவி, வாஷிங் மெஷின், பைக் மீட்டர் என இது இல்லாத பொருளைத் தேடிப் பிடிக்கத்தான் வேண்டும். இதற்காக ஐஸ்லர் பெரிய ஆய்வகம் எதையும் நம்பியிருக்கவில்லை. லண்டனில் ஒரு விடுதி அறையில், கையில் வேலையும் இல்லாமல், குடியேறி வந்த அகதியாக உட்கார்ந்து முதல் பலகையைச் செய்தார். பிசிபியை வீட்டிலேயே செய்வது இன்று ஒரு பொழுதுபோக்கு என்றால், அதன் பிறப்பே ஒரு வாடகை அறையில்தான்.

அவருக்குக் கிடைத்தது என்ன என்பதுதான் இந்தக் கதையின் கசப்பான பகுதி.

வியன்னாவில் வேலை இல்லாத இன்ஜினியர்

1907 ஆகஸ்ட் 3 அன்று ஆஸ்திரியாவின் வியன்னாவில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர் ஐஸ்லர். 1930இல் அங்குள்ள தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் முடித்தார். படிப்பு முடிந்ததே தவிர வேலை கிடைக்கல. பொருளாதார மந்தம் ஒரு பக்கம், யூதர்கள் மீதான வெறுப்பு இன்னொரு பக்கம்.

கடைசியில் வெளியூர் வேலை ஒன்று வந்தது. நம்ம ஊர் கிராமபோன் தட்டுகளில் நாய் படம் போட்டு வருமே, அந்த எச்.எம்.வி. கம்பெனிக்காக பெல்கிரேடு போனார். ஓடும் ரயிலில் இரைச்சல் இல்லாமல் ரேடியோ கேட்க வைப்பது வேலை. அதுவும் நீடிக்கவில்லை. அந்த நாட்டுத் தரப்பு கம்பெனிக்குப் பணத்துக்குப் பதிலாகத் தானியம் தர முன்வந்ததாகச் சொல்வார்கள். ஒப்பந்தம் முறிந்தது, ஐஸ்லர் ஊர் திரும்பினார்.

இன்ஜினியர் வேலை இல்லை என்றதும் பத்திரிகைப் பக்கம் போனார். கட்டுரை எழுதினார், ரேடியோ பற்றிய இதழ் ஒன்றைத் தொடங்குவதில் ஈடுபட்டார், அச்சகத்திலேயே நாட்களைக் கழித்தார். பிழைப்புக்காகச் செய்த இந்த வேலைதான் பின்னால் அவருக்குக் கைகொடுத்தது. ஒரு எலெக்ட்ரிகல் இன்ஜினியர், தன் காலத்து இன்ஜினியர்களுக்குத் தெரியாத ஒன்றை அங்கே தெரிந்துகொண்டார்: படம் எப்படி அச்சாகிறது?

ஆஃப்செட் வருவதற்கு முந்தைய பத்திரிகை ஆபீஸ்களில் பிளாக் என்ற சொல் சாதாரணம். படம் அச்சிட வேண்டுமென்றால் அதை உலோகத் தகட்டில் ஏற்ற வேண்டும். எந்த இடம் நிற்க வேண்டுமோ அங்கே அமிலம் படாதபடி ஒரு பூச்சு. பிறகு தகட்டை அமிலத்தில் போடுவார்கள். பூச்சு இல்லாத இடம் அரித்துப் போகும், பூச்சு உள்ள இடம் மேடாக நிற்கும். கோட்டுப் படத்துக்குத் துத்தநாகத் தகடும் நைட்ரிக் அமிலமும். நுட்பமான புகைப்படம் என்றால் செம்புத் தகடும் ஃபெரிக் குளோரைடும். இந்தக் கடைசிப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

1934இல் ஆஸ்திரியாவில் சர்வாதிகாரம் வந்தது, சமூக ஜனநாயகக் கட்சியும் அதன் பத்திரிகைகளும் முடக்கப்பட்டன. பக்கத்து ஜெர்மனியில் ஹிட்லர். அங்கே இனி எதிர்காலம் இல்லை என்று ஐஸ்லருக்குத் தெரிந்துவிட்டது. தன் காப்புரிமை யோசனைகளை எடுத்துக்கொண்டு 1936இல் இங்கிலாந்து போனார். முப்பரிமாணத் தொலைக்காட்சி பற்றிய ஒரு யோசனையை மார்கோனி கம்பெனி 250 பவுண்டுக்கு வாங்கியது. அதை வைத்துச் சில காலம் ஓட்டினார்.

ஒரு ரேடியோவுக்குள் எத்தனை ஒயர்?

அந்தக் காலத்து வால்வு ரேடியோவின் பின் மூடியைத் திறந்தவர்களுக்குத் தெரியும். ஒரு உலோகச் சட்டம், அதன் அடியில் ஒயர்க் காடு. ஒவ்வொரு ஒயரையும் ஒருவர் கையால் வெட்டி, முனையைச் சீவி, சரியான இடத்தில் சால்டர் வைக்க வேண்டும். ஒரு ரேடியோவில் இப்படி எத்தனையோ இணைப்புகள். ஒன்று தப்பானாலும் ரேடியோ பேசாது, எது தப்பு என்று கண்டுபிடிப்பது அதைவிடப் பெரிய வேலை. ஆயிரம் ரேடியோ செய்தால், அந்தத் தலைவலியும் ஆயிரம் மடங்கு.

லண்டனின் ஹாம்ப்ஸ்டெட் பகுதி விடுதி அறையில் இருந்த ஐஸ்லர் யோசித்தது இதுதான். ஒயர் என்பது மின்சாரம் போகும் பாதை. பாதைகளின் மொத்த வரைபடத்தையும் ஒரே தாளில் வரைந்துவிட முடிகிறது. வரைந்ததை அச்சிட முடியும் என்றால், ஒயரை எதற்காக ஒவ்வொன்றாக இழுக்க வேண்டும்?

மின் கடத்தாத பலகையின் மேல் மெல்லிய செம்புப் படலத்தை ஒட்டு. பாதைகள் வரவேண்டிய இடத்தில் மட்டும் அமிலம் தின்னாத மையால் அச்சிடு. அமிலக் கரைசலில் போடு. மை இல்லாத செம்பு கரைந்து போகும். மையைத் துடைத்தால் அடியில் மின்பாதை தயார். பத்திரிகை பிளாக்கில் மேடாக நின்ற உலோகம் மையை ஏந்தியது, இங்கே நின்ற உலோகம் மின்சாரத்தை ஏந்துகிறது. வித்தியாசம் அவ்வளவுதான். அந்த அறையிலேயே ஒரு ரேடியோவையும் செய்து ஓடவிட்டார்.

உண்மையைச் சொன்னால், மின்பாதையை ஒயரில்லாமல் தட்டையாக அமைக்கும் எண்ணம் அவருக்கு முன்பே சிலருக்கு வந்திருந்தது. ஆல்பர்ட் ஹான்சன் 1903இலேயே பிரிட்டனில் ஒரு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1925இல் அமெரிக்காவில் சார்லஸ் டூகாஸ், மின் கடத்தும் மையால் பாதை போடுவது பற்றி எழுதி வைத்தார். ஆனால் ஓடுகிற ரேடியோவைக் கையில் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு கம்பெனி வாசலாக ஏறி இறங்கியவர் ஐஸ்லர்.

பெண்களின் கூலி குறைவு

அப்படி அவர் போன இடங்களில் ஒன்று, ரேடியோ தயாரித்து வந்த பிளெஸ்ஸி கம்பெனி. ரேடியோ வேலை செய்தது. அவர்கள் வேண்டாம் என்றார்கள். சொன்ன காரணம்தான் முக்கியம். ஒயர் இணைப்பு வேலையைச் செய்வது இளம்பெண்கள், அவர்களுக்குத் தரும் கூலி குறைவு, மாடல் மாறினால் அவர்களை மாற்றி வேலை வாங்குவதும் சுலபம். பிறகு எதற்கு இந்தப் புது முறை?

விசைத்தறி வந்து கைத்தறியை விழுங்கிய கதையைக் கேட்டு வளர்ந்த காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றலாம். இங்கே மெஷின் மலிவு என்பதால் கை தோற்றது. அங்கே கை மலிவு என்பதால் மெஷின் வாசலிலேயே நின்றது. அந்தப் பெண்களின் சம்பளம் கொஞ்சம் கூடுதலாக இருந்திருந்தால் பிசிபி சில வருடங்கள் முன்னமே தொழிற்சாலைக்குள் நுழைந்திருக்குமோ என்னவோ. ஸ்ரீபெரும்புதூர் போன் ஆலைகளின் அசெம்பிளி வரிசையில் இன்றும் பெரும்பாலும் இளம்பெண்கள்தான் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும்.

இடையில் ஓடியன் சினிமா தியேட்டர்களின் அதிபர் ஆஸ்கர் டாய்ச் அவருக்கு ஒரு வேலை கொடுத்தார். 1938இல் ஹிட்லர் ஆஸ்திரியாவை இணைத்துக்கொள்ள, ஊர் திரும்பும் வழியும் அடைபட்டது. அடுத்த வருடம் போர். நாஜிகளிடமிருந்து தப்பி வந்த யூதரை, எதிரி நாட்டுக்காரர் என்று சொல்லி பிரிட்டன் தடுப்பு முகாமில் அடைத்தது. அவருக்கு மட்டுமல்ல, அப்போது அங்கிருந்த ஏராளமான அகதிகளுக்கு இதே கதிதான். 1941இல்தான் வெளியே வந்தார்.

படிக்காமல் போட்ட கையெழுத்து

வெளியே வந்தவர் பிறகு அச்சுத் தொழிலில் இருப்பவர்களிடம் போனார். லண்டன் கேம்பர்வெல் பகுதியில் ஹெண்டர்சன் அண்ட் ஸ்பால்டிங் என்ற லித்தோ அச்சகம் இருந்தது. நடத்தியவர் ஹெரால்டு வீசி ஸ்ட்ராங். எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனிக்குப் புரியாதது அச்சகக்காரருக்குப் புரிந்தது. டெக்னோகிராஃப் என்ற பெயரில் சும்மா கிடந்த தங்கள் துணை நிறுவனத்தைத் தூசி தட்டி, ஐஸ்லரை உள்ளே சேர்த்துக்கொண்டார்கள்.

சேரும்போது ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினார்கள். ஐஸ்லர் அதைப் படித்துப் பார்க்காமல் போட்டுவிட்டார்.

அதில் இருந்தது இதுதான்: வேலையில் இருக்கும் காலத்தில் அவர் கண்டுபிடிக்கும் எதன் உரிமையும் கம்பெனிக்கு. பதிலுக்குப் பெயரளவில் ஒரு பவுண்டு. டெக்னோகிராஃபில் 16.5 சதவீதப் பங்கு.

இதைப் படிக்கிற பலர் வேலையில் சேர்ந்த அன்று இதே மாதிரி ஒரு தாளில் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். அறிவுசார் சொத்துரிமை என்ற தலைப்பில் நடுப் பக்கத்தில் எங்கேயோ இருக்கும். அந்த வகையில் ஐஸ்லரின் ஒப்பந்தம் அப்படி ஒன்றும் வழக்கத்துக்கு மாறானது இல்லை. கொடுத்த பொருளின் அளவுதான் வழக்கத்துக்கு மாறானது. முகாமிலிருந்து அப்போதுதான் வெளியே வந்த, கையில் காசில்லாத ஒருவர் பேரம் பேசும் நிலையில் இருந்தாரா என்பதும் ஒரு கேள்வி.

1943இல் காப்புரிமைக்கு விண்ணப்பம் போனது. அது மூன்றாகப் பிரிக்கப்பட்டது. ஒன்று முப்பரிமாணச் சுற்றுகள் பற்றியது, இன்னொன்று செம்புப் படல முறை, மூன்றாவது உலோகப் பொடியால் அச்சிடும் முறை. மூன்றும் 1950 ஜூன் 21 அன்றுதான் கைக்கு வந்தன. ஏழு வருடம்!

அதற்குள் உலகம் வேகமாக ஓடியிருந்தது. போர்க்காலத்தில் அமெரிக்கா, விமானத்தை நெருங்கியதும் தானாக வெடிக்கும் குண்டு ஒன்றைச் செய்தது. உள்ளே குட்டி ரேடியோ. ஐஸ்லரின் கண்டுபிடிப்பைக் கொண்டுதான் லண்டனைத் தாக்க வந்த வி-1 குண்டுகள் வீழ்த்தப்பட்டன என்று ஒரு கதை அடிக்கடி சொல்லப்படுகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, விஷயம் அவ்வளவு நேராக இல்லை. அமெரிக்கர்கள் போரின் கடைசிக் கட்டத்தில் இந்தக் குண்டுகளுக்காக அச்சிட்டது பீங்கான் தகட்டின் மேல், வெள்ளி மையால். ஐஸ்லருடையது செம்பை அரித்தெடுக்கும் முறை. இரண்டும் உறவுக்காரர்கள், ஒரே ஆள் இல்லை.

ஆனால் போருக்குப் பிறகு உலகம் எந்த முறையைப் பிடித்துக்கொண்டது என்றால், ஐஸ்லரின் செம்பு முறையைத்தான். அமெரிக்க ராணுவத்தின் சிக்னல் பிரிவில் மோ ஆப்ரம்சன், ஸ்டானிஸ்லாஸ் டாங்கோ இருவரும், பலகையில் பாகங்களைச் செருகி, அடிப்பக்கத்தை உருகிய சால்டரில் ஒருமுறை தோய்த்தால் எல்லா இணைப்பும் ஒரே நேரத்தில் ஒட்டிக்கொள்ளும் வழியைக் கொண்டுவந்தார்கள். 1954இல் விற்பனைக்கு வந்த ரீஜென்சி டிரான்சிஸ்டர் ரேடியோ சட்டைப் பைக்குள் அடங்கியது. உள்ளே இருந்தது பிசிபி. அதன் பிறகு ஒயர்க் காட்டுக்குத் திரும்ப யாரும் தயாராக இல்லை.

அயர்ன் பாக்ஸ் போதும்

எல்லோரும் பயன்படுத்தினார்கள், ராயல்டி கொடுத்தவர்கள்தான் சிலர். ஏன் இப்படி? ஐஸ்லரின் முறையை இன்று வீட்டில் செய்து பார்ப்பவர்களைக் கவனித்தால் பதில் கிடைத்துவிடும்.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் செம்பு ஒட்டிய பலகை கிடைக்கிறது. பெரும்பாலும் 1.6 மி.மீ. தடிமன், அதன் மேல் சுமார் 35 மைக்ரான் செம்பு. கம்ப்யூட்டரில் வரைந்த சுற்றைக் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலமாக மாற்றி, வழவழப்பான தாளில் லேசர் பிரிண்டரில் எடுக்க வேண்டும். இங்க்ஜெட் உதவாது. லேசர் டோனர் என்பது அடிப்படையில் பிளாஸ்டிக் பொடி, சூட்டில் உருகும். தாளைப் பலகையின் மேல் கவிழ்த்து அயர்ன் பாக்ஸால் அழுத்தித் தேய்த்தால் டோனர் செம்பில் ஒட்டிக்கொள்ளும். தண்ணீரில் ஊறவைத்துத் தாளை உரித்துவிட்டு, பலகையை ஃபெரிக் குளோரைடு கரைசலில் போட்டு ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஆம், பத்திரிகை பிளாக்குக்குப் பயன்பட்ட அதே ஃபெரிக் குளோரைடுதான். கொஞ்ச நேரத்தில் டோனர் இல்லாத செம்பு மறைந்து பலகை தெரியும். தின்னரால் டோனரைத் துடைத்து, சின்ன டிரில்லால் துளை போட்டால் முடிந்தது.

முதல் முறை கோடு அறுந்துதான் வரும், அது எல்லோருக்கும் நடப்பது. கையுறை, கண்ணாடி இல்லாமல் தொடாதீர்கள். சட்டையில் பட்டால் கறை போகவே போகாது. உலோகப் பாத்திரமும் சமையல் பாத்திரமும் கூடாது, பிளாஸ்டிக் தட்டுதான். மிச்சக் கரைசலில் செம்பு கரைந்திருக்கும், அதைச் சாக்கடையிலோ கிணற்றோரத்திலோ கொட்டுவது பெரிய தப்பு. மூடி வைத்து, அபாயக் கழிவு எடுப்பவர்களிடம் சேர்க்க வேண்டும்.

இஸ்திரிப் பெட்டி வைத்திருக்கும் கல்லூரி மாணவர் ஒருவர் ஒரு மாலையில் செய்துவிட முடிகிற காரியம் இது. அப்படியானால் பெரிய தொழிற்சாலைகளுக்குச் சொல்ல வேண்டுமா? ரகசியம் என்று ஒளித்துவைக்க இதில் எதுவும் இல்லை. ஒருமுறை பார்த்தால் போதும், புரிந்துவிடும். புரிந்த பிறகு, இது ஏற்கெனவே தெரிந்த விஷயம்தானே என்றும் தோன்றிவிடும்.

அமெரிக்க நீதிமன்றத்துக்கும் ஏறக்குறைய அப்படித்தான் தோன்றியது. காப்புரிமையை மீறியதாக பெண்டிக்ஸ் நிறுவனத்தின் மீது டெக்னோகிராஃப் தொடர்ந்த வழக்கில் 1963இல் தீர்ப்பு வந்தது. ஐஸ்லரின் அமெரிக்கக் காப்புரிமைகள் செல்லாது என்றானது. உலகின் மிகப் பெரிய எலெக்ட்ரானிக்ஸ் சந்தையில் அவருடைய கண்டுபிடிப்புக்கு விலையே இல்லாமல் போயிற்று.

பீட்சா சூடாக்கும் தகடு

ஐஸ்லர் அதற்கு ஆறு வருடம் முன்பே, 1957இல், டெக்னோகிராஃபிலிருந்து விலகியிருந்தார். கம்பெனியே பணத்துக்குத் தடுமாறிக்கொண்டிருந்தது. அதில் 16.5 சதவீதம் என்றால் எவ்வளவு தேறும்?

ஐம்பது வயதில் மறுபடி தனி ஆள். அவர் விடவில்லை. மெல்லிய உலோகப் படலத்தில் மின்சாரம் ஓடினால் சூடாகும், அதை வைத்து என்னென்ன செய்யலாம் என்று இறங்கினார். பீட்சாவைச் சூடாக வைத்திருக்கும் படலம், உறைந்த மீன் துண்டுகளை இளக்கும் சாதனம், காரின் பின் கண்ணாடியில் பனி விலக்கும் கோடுகள், அறையையே கதகதப்பாக்கும் சுவர்த்தாள். கடைசியில் சொன்ன சுவர்த்தாள் பலிக்கும்போல இருந்தது. அந்த நேரம் பார்த்து வட கடலில் இயற்கை எரிவாயு கிடைத்தது. மலிவான கேஸ் வந்த பிறகு மின்சாரச் சுவரை யார் கேட்பார்கள்?

காருக்குப் பின்னால் பைக்கில் போகும்போது பின் கண்ணாடியில் படுக்கைக் கோடுகள் தெரிகின்றன அல்லவா? சென்னை வெயிலில் அதற்கு வேலை குறைவு. மழையில் கண்ணாடி பனிமூட்டம் போட்டால் தெரியும்.

பிரிட்டனின் மின் பொறியாளர் கழகம் அவருக்கு நஃபீல்டு வெள்ளிப் பதக்கம் கொடுத்தது. 1989இல், எண்பது வயதைத் தாண்டிய பிறகு, பிசிபியோடு வாழ்ந்த வாழ்க்கையைப் புத்தகமாக எழுதினார். 1992 அக்டோபர் 26 அன்று லண்டனில் காலமானார். உலகம் முழுக்க மேசைகளில் கம்ப்யூட்டர் ஏறத் தொடங்கியிருந்த நேரம் அது. ஒவ்வொன்றின் உள்ளேயும் அவருடைய பலகை.

அவர் செய்த ஆரம்பகால ரேடியோ ஒன்று லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. பளபளப்பெல்லாம் இல்லை. அட்டை மாதிரி ஒரு பலகை, அதன் மேல் வளைந்து வளைந்து ஓடும் பட்டையான செம்புக் கோடுகள், நடுவே வால்வுகள். கோடுகள் இன்றைய போனில் இருப்பதைவிடப் பல மடங்கு அகலம். முதல் முறையாக வீட்டில் பலகை செய்து பார்க்கிறவர்கள், அறுந்துவிடுமோ என்ற பயத்தில், கோடுகளைக் கிட்டத்தட்ட அப்படித்தான் அகலமாகப் போடுகிறார்கள்.